தூரத்து மானுக்கு எந்த ரவை? பெட்டிகளைப் பார்த்துத் தலை சுற்றுகிறது

தலவாக்கலை_தம்பி

அண்ணாமார், மாமாமார் எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருஷமாக நியூசிலாந்தின் தென் தீவில் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறேன். (அம்பேவெல நியூசிலாந்து பண்ணையா என்று கேட்காதீர்கள், அந்தப் பகிடி வீட்டில் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது.) இப்போது லீவில் தலவாக்கலைக்கு வந்திருக்கிறேன். மார்ச் கடைசியில் திரும்பிப் போனதும் முதலாளி என்னை மலைக்கு மான் வேட்டைக்குக் கூட்டிப் போகிறார். அது கலைமான்கள் கத்துகிற காலம், அங்கே 'ரோர்' என்பார்கள். லைசன்ஸ் போன வருஷமே எடுத்துவிட்டேன், காட்டுக்குள் போவதற்கான அனுமதியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அங்கே மான் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட மிருகம். அதைத் தின்ன சிறுத்தை புலி எதுவும் இல்லாததால் பெருகி மலையையே மொட்டையடிக்கிறது, சுட்டால் அரசாங்கத்துக்குச் சந்தோஷம்தான்.

முதலாளியின் பழைய .308 ரைபிளைத் தருகிறார் (.308 என்பது ரவையின் விட்டம், அங்குலத்தில்). குழல் 20 அங்குலம், முன்னால் சத்தம் குறைக்கிற குழாய் (அங்கே அது சட்டப்படி சரி). "துவக்கு என்னுடையது, தோட்டா நீ பார்த்து வாங்கு, அப்போதுதான் படிப்பாய்" என்கிறார். கடைக்குப் போனால் அதே .308-இல் ஒரு சுவர் நிறையப் பெட்டி. 150 கிரெயின் (ரவையின் எடையை இந்த அளவில்தான் சொல்வார்கள்), 165, 178. ஈயம், செம்பு, ஒட்டவைத்தது, பிளாஸ்டிக் மூக்கு வைத்தது. ஒரு பெட்டிக்கும் மற்றதற்கும் மூன்று மடங்கு விலை வித்தியாசம். பள்ளத்தாக்கு திறந்த இடம், 300, 400 மீற்றரிலும் மான் நிற்கும் என்கிறார் அவர். எதை வாங்குவது, ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "விலை கூடியதை வாங்கு" என்ற பதில் மட்டும் வேண்டாம், அது கடைக்காரனே சொல்லிவிட்டான்.

---

ஹப்புத்தளை_மாமா

தம்பி, முதலில் வார்த்தையைச் சரியாகப் பிடித்துக்கொள். தோட்டா வேறு, ரவை வேறு. தோட்டா என்பது பித்தளைக் கோப்பை, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கிற கேப், ரவை எல்லாம் சேர்ந்த முழுச் சாமான். அதிலே பறந்து போய் மானில் படுவது ரவை மட்டும்தான். நீ பெட்டி வாங்கும்போது காசு கொடுப்பது தோட்டாவுக்கு, யோசிக்கவேண்டியது ரவையைப் பற்றி.

என் தகப்பனார் துரைமார் காலத்தில் பங்களாவில் வேலை செய்தவர், வேட்டைக்குப் போகும்போது முன்னால் நடந்து தடம் பார்ப்பவர். ஒரு தடவை சின்னத்துரை ராணுவத்துத் தோட்டாவைப் போட்டுக்கொண்டு மரைக்கு (கடமானுக்கு) வெடி வைத்தாராம். ரவை இந்தப் பக்கம் ஊசி மாதிரி போய் அந்தப் பக்கம் ஊசி மாதிரி வந்துவிட்டது, மரை ஒரு மைல் ஓடி ஓடைக்குள் விழுந்தது, இருட்டும் வரை தேடினார்கள். ராணுவத்து ரவைக்கு முழுக்கச் செம்புச் சட்டை, அது மலராது, அதாவது பட்டதும் முனை விரிந்து அகலாது. மலர்கிற ரவையைப் போரில் பாவிக்கக்கூடாது என்று 1899-இல் ஹேக் நகரத்தில் தீர்மானம் போட்டார்கள். அந்த வகைக்கு 'டம் டம்' என்று பேர் வந்ததே கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கிற டம் டம் ஆயுதத் தொழிற்சாலையால்தான். வேட்டையில் எல்லாம் தலைகீழ். மலராத ரவை மிருகத்தைக் காயப்படுத்தி அலையவிடும், மலர்கிற ரவைதான் உடனே சாய்க்கும். ஆகையால் எந்த நாட்டிலும் மலிவாகக் கிடைக்கிறது என்று ராணுவ மிச்சத் தோட்டாவை வாங்கிவிடாதே.

இன்னொன்று, எங்கள் ஊர்க் கதை. பதுளையில் இருந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர் என்று பேர். அந்தக் காலத்தில் வெறும் ஈயம் யானைத் தலையில் பட்டால் தட்டையாகிவிடும் என்று வேறு உலோகம் கலந்து கடினமாக்கி வார்ப்பார்கள். அவர் 1845-இல் இங்கே ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார், நுவரெலியாவில் புதைத்தார்கள், அந்தக் கல்லறையிலும் இடி விழுந்தது என்று சனம் சொல்லும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எந்த மிருகத்துக்கு எந்த ரவை என்ற கேள்வி அன்றைக்கே இருந்தது. மென்மையானது யானைக்குப் போதாது, கடினமானது மானுக்குக் கூடாது.

இங்கே இருக்கிறவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு மரைக்கு ஆசைப்படவேண்டாம். 1937-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, மறியல் நிச்சயம்.

---

ஹட்டன்_பௌதிகம்

நான் துவக்கைத் தொட்டதே இல்லை, ஆனால் இருபத்தேழு வருஷம் உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பித்தவன், எறிபொருள் இயக்கம் என்று பேர் கேட்டால் கை சும்மா இருக்காது. தம்பி கேட்டதற்காக நேற்று இரவு இரண்டு தோட்டாக்களின் கம்பனி அட்டவணைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எல்லோரும் கேட்பது "ரவை குழலை விட்டு எவ்வளவு வேகமாகப் போகிறது" என்று. அது தவறான முனை. மானின் நெஞ்சில் படும்போது என்ன வேகம் மிச்சம் இருக்கிறது என்று கேட்கவேண்டும், ஏனென்றால் மாமா சொன்ன அந்த மலர்தல் வேகத்தால்தான் நடக்கிறது. சாதாரண ஈய ரவை நன்றாக மலர செக்கனுக்கு ஏறத்தாழ 1800 அடி வேகமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. முழுச் செம்பு ரவைக்கு 2000 வரை வைத்துக்கொள்வது பாதுகாப்பு. தூரத்துக்கென்றே செய்யப்பட்ட மெல்லிய சட்டை ரவைகள் சில 1600-இலும் மலரும் என்கிறார்கள். அந்த எண்ணுக்குக் கீழே போனால் எவ்வளவு விலை உயர்ந்த ரவையும் ராணுவத்து ரவைதான்.

இப்போது கணக்கு. கடையில் மலிவாகக் கிடைக்கிற ரெமிங்டன் கோர்-லொக்ட் .308, 150 கிரெயின். குழல் வாயில் 2820 அடி, 200 கஜத்தில் 2263, 300 கஜத்தில் 2009, 400 கஜத்தில் 1774. ஒப்பிடுவதற்கு 6.5 கிரீட்மோர் என்ற வேறு தோட்டா வகையில், ஹோர்னடி கம்பனியின் ஈ.எல்.டி.-எக்ஸ் என்ற தூரத்து ரவை, 143 கிரெயின். வாயில் 2700தான், அதாவது மெதுவானது. ஆனால் 400 கஜத்தில் 2155, 500 கஜத்தில்கூட 2030. மெதுவாகப் புறப்பட்டவன் முந்திவிட்டான். காரணம் உடல்வாகு: நீளம், கூர்மை, பின்பக்கம் படகு மாதிரி ஒடுங்கல். காற்றைக் கிழிக்கும் இந்தத் திறனுக்கு ஓர் எண் கொடுத்து பெட்டியில் போடுகிறார்கள், பாலிஸ்டிக் கோஎஃபிஷன்ட், சுருக்கமாக பி.சி. அதிலும் ஜி1, ஜி7 என்று இரண்டு அளவுகோல் உண்டு. ஒரே ரவைக்கு ஜி1 எண் பெரிதாகத் தெரியும், விளம்பரத்தில் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஒன்றின் ஜி1-ஐ மற்றதன் ஜி7-ஓடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள், என் மாணவர்கள் அலகு பார்க்காமல் விடை எழுதுவது போல.

சரி, அப்புறம் காற்று. இது முக்கியம். மணிக்கு பத்து மைல் குறுக்குக் காற்று, 400 கஜம் என்று வைத்தால் அந்த 150 கிரெயின் ரவை ஏறக்குறைய 19 அங்குலம் விலகும், 143 கிரெயின் ரவை 9 அங்குலம். மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர் இருக்கிற இடம் பத்துப் பன்னிரண்டு அங்குலம்தான் என்கிறார்கள். நடுவில் குறி வைத்தால் முதலாவது வயிற்றில் படும் அல்லது தப்பும். இரண்டாவதும் அந்த இடத்தைத் தாண்டிவிடும் என்பதைக் கவனியுங்கள். ரவை கீழே இறங்குவது பற்றிப் பயப்படவேண்டாம், புவியீர்ப்பு நேற்றும் இன்றும் ஒன்றுதான், தூரம் சரியாகத் தெரிந்தால் அட்டவணை பார்த்து ஸ்கோப்பை (துவக்கின் மேல் இருக்கிற குறித் தொலைநோக்கியை) திருகிவிடலாம். காற்றை அப்படித் திருக முடியாது. அம்பேவெலயில் நின்று பாருங்கள், காற்றாடி சுழல்கிற மேட்டில் ஒரு காற்று, கீழே மாட்டுப் பட்டியில் வேறு காற்று, நடுப் பள்ளத்தில் மூடுபனி அசையாமல் நிற்கும். ரவை இந்த மூன்றையும் கடந்துதான் போகவேண்டும்.

கடைசியாக உங்கள் துவக்கு. பெட்டியில் போட்ட வேகம் 24 அங்குலக் குழலில் அளந்தது. உங்களுடையது 20. ஓர் அங்குலம் குறைய இருபது இருபத்தைந்து அடி வேகம் குறையும், ஆகவே நூறு அடி போய்விட்டது. இந்த 150 கிரெயின் ரவை முதல் நூறு கஜத்தில் 287 அடி வேகத்தை இழக்கிறது, அப்படியானால் உங்கள் துவக்கு அட்டவணையில் 35 கஜம் முன்னால் போய் நிற்பதற்குச் சமம். 1800 என்ற எல்லை பெட்டிக் கணக்கில் 389 கஜம் அளவில் வருகிறது. உங்களுக்கு அது 354 கஜம், மீற்றரில் 324.

---

மெல்பன்_மச்சான்

வாத்தியார் கலக்கிவிட்டார். நான் மஸ்கெலியா, இப்போது மெல்பன் பக்கம். ஏழெட்டு வருஷமாக விக்டோரியா மலைகளில் வேட்டைக்குப் போகிறேன். எதை வேட்டையாடுகிறேன் தெரியுமா? மரை. நம்முடைய மரையேதான். 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது இங்கே காடு நிறைய. ஹோர்டன் சமவெளியில் வாகனத் தரிப்பிடத்தில் வந்து பையை இழுக்கிற அதே மிருகம் இங்கே மனித வாசம் பட்டால் ஒரு மலை தாண்டி ஓடிவிடும். தம்பி, உன்னுடைய நியூசிலாந்திலும் வட தீவில் இருக்கிற மரைகள் 1870களில் இலங்கையிலிருந்து போனவைதான். முதன்முதல் ஒன்றைத் தொலைநோக்கியில் பார்த்தபோது துவக்கைத் தூக்க எனக்குக் கை வரவில்லை, ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது, அதை மறைக்கவில்லை.

ரவைக்கு வருகிறேன். வாத்தியார் சொன்னது தூரத்துக் கணக்கு. கிட்டத்துக் கணக்கு வேறு, அதில்தான் நான் அடிபட்டேன். இரண்டாவது வருஷம், ஆசைப்பட்டு பி.சி. மிகப் பெரிய, இலக்குச் சுடுகிறவர்கள் பாவிக்கிற ஒரு ரவையை வாங்கிப் போட்டேன். 400 மீற்றருக்கு என்று தயாராகிப் போனவனுக்கு மரை கிடைத்தது நாற்பது மீற்றரில், ஓடைக்கரைப் புதருக்குள், சேறு அப்பிய தோளைக் காட்டிக்கொண்டு. சுட்டேன். ரவை தோள் எலும்பில் பட்ட உடனே பொடியாகிவிட்டது. மேலே சாப்பாட்டுத் தட்டு அளவு காயம், உள்ளே நுரையீரலுக்குப் போகவில்லை. அன்று இருட்டும் வரை தேடினோம், மறுநாள் காலை நண்பனின் நாய்தான் கண்டுபிடித்தது, நானூறு மீற்றர் கீழே. இறைச்சி பழுதாகிவிட்டது. அந்த இரவு நான் தூங்கவில்லை. ரவை செய்தவனைக் குறை சொல்ல முடியாது, இலக்குக்கு என்று பெட்டியிலேயே போட்டிருந்தது, நான்தான் எண்ணைப் பார்த்து மயங்கினேன்.

ஆகவே உன் ரவை இரண்டு பரீட்சை பாஸ் பண்ணவேண்டும். தூரத்தில் வேகம் குறைந்தும் மலரவேண்டும், கிட்டத்தில் முழு வேகத்தில் எலும்பில் பட்டும் உடைந்து போகக்கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்.

சாதாரண ஈயம் நடுத் தூரத்தில் அருமை, விலையும் குறைவு. உங்கள் மான் மரையை விட மெல்லிசு, 250 மீற்றருக்குள் அதுவே போதும், யார் என்ன சொன்னாலும். ஈயத்தையும் செம்புச் சட்டையையும் பிரியாமல் ஒட்டவைத்தது (பொண்டட் என்பார்கள்) எனக்குப் பிடித்தது, எலும்பில் பட்டாலும் எடையின் பெரும்பகுதியைக் காப்பாற்றும். இதற்கும் முந்தியது நொஸ்லர் பார்ட்டிஷன், நடுவில் ஒரு சுவர் வைத்து முன்பாதி மலரும் பின்பாதி துளைக்கும். ஜோன் நொஸ்லர் என்ற மனிதர் கனடாவில் ஒரு மூஸ் (மிகப் பெரிய மான் வகை) சுடும்போது ரவை தோற்றுப்போன கோபத்தில் செய்யத் தொடங்கி 1948-இல் கம்பனியே ஆரம்பித்தார். நல்ல ரவை, ஆனால் மூக்கு மழுங்கல், தூரத்துக்கு அவ்வளவு பொருந்தாது. முழுச் செம்பு எலும்பு, தோள் எல்லாவற்றையும் துளைக்கும், இறைச்சியில் ஈயத்தூள் கலக்காது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்றால் இது பெரிய காரணம், ஈயம் உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத துகள் காயத்தைச் சுற்றி வெகு தூரம் பரவும். கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது. ஆனால் வேகம் வேண்டும், உன் குட்டைக் குழலில் 300 மீற்றருக்கு மேல் செம்பை நான் நம்பமாட்டேன். பிளாஸ்டிக் மூக்கு அழகுக்கு இல்லை, முன்முனையை உள்ளே தள்ளி மலரத் தொடங்க வைப்பது அதுதான்.

இன்னொரு விஷயம், சட்டம். இங்கே மரைக்குக் குறைந்தது .270 குழல், 130 கிரெயின் ரவை என்று வருஷக்கணக்காக விதி இருந்தது. ஊருக்கு ஊர் மாறும், போகிற இடத்தின் இன்றைய விதியைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடு.

---

வெலிமடை_கிழங்கு

நீங்கள் நானூறு கஜம் பேசுங்கள். என் தோட்டத்தில் நேற்று இரவு பன்றி வந்து இருபது வரி உருளைக்கிழங்கைக் கிண்டிவிட்டுப் போயிருக்கிறது. என்னிடம் இருப்பது லைசன்ஸ் உள்ள 12 போர், அதன் தூரம் முப்பது மீற்றர், பன்றிக்கும் அது தெரியும், முப்பத்தைந்தில் நின்று தின்கிறது.

பகிடிக்குச் சொல்லவில்லை, துவக்கு இல்லாதவன் என்ன செய்கிறான்? கம்பியில் சுருக்கு வைக்கிறான். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை மாட்டிச் செத்தது நினைவிருக்கும். பன்றிக்கு வைத்த சுருக்குத்தான். எங்கள் பக்கத்தில் மரைக்குட்டி ஒன்று காலில் கம்பியோடு நொண்டிக்கொண்டு திரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். ரவை மலருமா மலராதா என்று இவ்வளவு யோசிக்கிறீர்களே, அதைப் படித்தபோது நல்லாகத்தான் இருந்தது. சுருக்கு வைக்கிறவன் ஒரு நிமிஷம்கூட யோசிப்பதில்லை.

தம்பி, அங்கே பன்றியும் உண்டா?

---

தலவாக்கலை_தம்பி

அண்ணா, பன்றியும் உண்டு. கப்டன் குக் காலத்தில் கப்பலில் வந்தது என்பதால் அதற்கும் 'கப்டன் குக்கர்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். உங்கள் கிழங்குக்கு மனம் வருந்துகிறேன், உண்மையாக.

வாத்தியார் ஐயா, 324 மீற்றர் என்று எழுதியதைத் தாளில் எழுதி வைத்துவிட்டேன். ஒரு சந்தேகம். அப்படியானால் அதே .308-இல் 178 கிரெயின் ஈ.எல்.டி.-எக்ஸ் வாங்கினால் முடிந்தது அல்லவா? நீளமான ரவை, வேகத்தைத் தக்கவைக்கும், 1600-இலும் மலரும். 400-க்கும் போகலாமே?

---

மெல்பன்_மச்சான்

பொறு. அந்தக் குழலின் முறுக்கு என்ன? குழலுக்குள் இருக்கிற வரிகள் ரவையைச் சுழற்றுகின்றன, பம்பரம் மாதிரி. நீளமான ரவைக்கு வேகமான சுழற்சி வேண்டும். எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ரவையின் நீளம்தான், எடை அப்புறம். செம்பு ஈயத்தை விட இலேசு என்பதால் அதே எடைக்கு செம்பு ரவை இன்னும் நீளமாக இருக்கும் என்பதையும் மறக்காதே. முதலாளியின் துவக்கு பழையது என்கிறாய், பழைய .308 பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 178-க்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்று செய்தவர்களே சொல்கிறார்கள்.

அவரிடம் சொல், அளப்பது சுலபம். முதலில் போல்ட்டைக் கழற்றி துவக்கு வெறுமையா என்று பார்க்கவேண்டும். சுழலும் கைப்பிடி உள்ள துடைக்கும் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றி குழலுக்குள் விடவேண்டும். கம்பியில் ஒரு ஸ்டிக்கரை நேர் மேலே ஒட்டி, குழல் வாய்க்குச் சமமாகவும் ஒரு கோடு போடவேண்டும். மெதுவாகத் தள்ளினால் கம்பி தானாகச் சுழலும். ஸ்டிக்கர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வரும்போது கம்பி எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று அளந்தால் அதுதான் முறுக்கு.

---

ஹப்புத்தளை_மாமா

நீங்கள் எல்லோரும் ரவையிலேயே நிற்கிறீர்கள். நான் கேட்பது, இவன் 400 மீற்றரில் ஒரு பலாப்பழத்தைச் சுட்டிருக்கிறானா? படுத்துக்கொண்டு இல்லை, மலை ஏறி மூச்சு வாங்க, கை குளிரில் நடுங்க, பையை முட்டுக்கொடுத்துக்கொண்டு? என் தகப்பனார் சொல்வார், துரைமார் பங்களா முற்றத்தில் போத்தலைச் சுடுவார்கள், காட்டில் மரத்தைச் சுடுவார்கள் என்று.

அப்புறம் கத்துகிற காலத்தில் போகிறாய். புதருக்குள் கத்துகிறது மானா, மான் மாதிரி ஊதிக் கூப்பிடுகிற இன்னொரு வேட்டைக்காரனா என்று முழு மிருகத்தையும் கண்ணால் பார்க்காமல் விரல் வைக்காதே. ரவைக்கு ஆள் தெரியாது.

---

தலவாக்கலை_தம்பி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அம்மாவுக்குச் சுகமில்லை, நுவரெலியாவுக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். இப்போது பரவாயில்லை.

முதலாளி வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். சமையலறை மேசையில் துவக்கை வைத்து, மனைவியின் தையல் டேப்பால் அளக்கிறார், பின்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மச்சான் சொன்னது சரி. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 178 போய்விட்டது. அதே பிள்ளைகள்தான் இறைச்சி சாப்பிடப்போகிறவர்கள் என்பதால் செம்பும் மனதில் ஓடியது, ஆனால் நீளம், வேகம் இரண்டும் இடிக்கிறது. காயத்தைச் சுற்றிப் பெரிதாக வெட்டி எறிந்துவிடலாம் என்று முதலாளி சொல்கிறார், அவர் வீட்டுச் சாப்பாடு, அவர் முடிவு.

மாமா கேட்ட கேள்விதான் அதிகம் உறுத்தியது. நேற்றுக் காலையில் மூடுபனி விலகியதும் லயத்து வாசலில் நின்று எதிரே ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கிற ஆட்களைப் பார்த்தேன். அந்த மேல் வரியில் நிற்கிற அக்கா எவ்வளவு தூரம்? நான் 250 மீற்றர் என்றேன். தம்பி 200 என்றான். அப்பா, அந்த மலையில் நாற்பது வருஷம் நடந்தவர், 300 என்றார். போனில் வரைபடத்தில் அளந்தேன், 410. நடுவில் பள்ளம் இருந்தால் கண் இப்படித்தான் ஏமாறுமாம். 250 என்று நினைத்து 410-இல் நிற்கிற மானைச் சுட்டிருந்தால் ரவை அதன் கால்களுக்குக் கீழே போயிருக்கும், அல்லது காலை உடைத்திருக்கும். முதலாளியிடம் லேசர் தூரமானி இருக்கிறது, அது கையில் இல்லாமல் சுடுவதில்லை.

ஆகவே 165 கிரெயின், ஒட்டவைத்த வகை, பிளாஸ்டிக் மூக்கு. எல்லை 300 மீற்றர், காற்று இருந்தால் 200. சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

ஹட்டன்_பௌதிகம்

உங்கள் குழலில் வாயில் 2650 அளவு என்று வைத்தேன். அந்த வகை ரவைக்கு பி.சி. ஜி1-இல் 0.475 அளவு. 300 மீற்றரில் 2000-க்குச் சற்று மேல் மிச்சம் இருக்கிறது, மலரும். மலைக்காற்று ஐதானது என்பதால் கொஞ்சம் இலாபம், குளிர் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், இரண்டையும் விட்டுவிடுங்கள்.

400-க்கு ஆசைப்பட்டு வந்தவர் 300-இல் நிற்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம். என் மாணவர்கள் யாரும் விடையைக் குறைத்து எழுதியதில்லை.

---

மெல்பன்_மச்சான்

நல்ல தெரிவு. 165 அந்த முறுக்கில் பெரும்பாலும் தள்ளாடாமல் பறக்கும், ஆனாலும் ஒரே வகையில் இரண்டு மூன்று பெட்டி வாங்கி முதலில் கடதாசியில் சுட்டுப் பார். ஓட்டை வட்டமாக இருக்கவேண்டும். சாவித் துவாரம் மாதிரி நீண்டிருந்தால் ரவை பக்கவாட்டில் போய்ப் படுகிறது, அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடு. 100-இல் நன்றாக வந்தால் போதும் என்று விடாதே, 300-க்கும் இலக்கு வைத்துச் சுடு, உட்கார்ந்தும், பையில் சாய்ந்தும். சத்தம் குறைக்கும் குழாயைக் கழற்றினால் படும் இடம் மாறும், வேட்டைக்கு எப்படிப் போகிறாயோ அப்படியே வைத்து ஸ்கோப்பைச் சரிசெய்.

---

வெலிமடை_கிழங்கு

மான் கிடைத்தால் படம் போடு. பன்றி கிடைத்தால் இரண்டு படம் போடு.

---

ஹப்புத்தளை_மாமா

அம்மாவைப் பார்த்துக்கொள். அப்புறம், நூறு கிலோ இறைச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய், உப்புக்கண்டம் போடத் தெரியுமா? உப்பும் மஞ்சளும் மட்டும் போதாது, அந்த ஊர் வெயிலுக்கு அடுப்புப் புகைக்கு மேலேதான் கட்டித் தொங்கவிடவேண்டும், எங்கள் வீட்டில் செய்த முறையை நாளைக்கு எழுதுகிறேன்.